தைரியம் ஆயுளைக் கூட்டுமா?

புற்றுநோய் என்று தெரிந்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டைக் கொண்டுவருவார்கள். ஒன்று பழம். மற்றொன்று, "மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க, பாதி நோய் தன்னால போயிடும்" என்ற வாக்கு. பழத்தில் ஒரு சிக்கலும் இல்லை. வாக்கு உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நன்றாகவும் இருக்காது. படுத்திருப்பவர் தலையை ஆட்டிவைப்பார். உள்ளே அவருக்கு வேறொரு கணக்கு ஓடும். தைரியமாக இருந்தால் பாதி நோய் போகும் என்றால், நேற்று ராத்திரி போர்வைக்குள் அழுதேனே, அதனால் கட்டி வளர்ந்திருக்குமோ?

அந்தக் கணக்கு சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க முடியும். சோதித்தும் இருக்கிறார்கள். புற்றுநோய் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த கதைகளுள் அது ஒன்று. தொடங்கியவரே அதில் இரண்டு முறை ஏமாந்தார். இரண்டு முறையும் அதை அச்சில் ஒப்புக்கொண்டார்.

இடம் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். காலம் 1970களின் பிற்பகுதி. டேவிட் ஸ்பீகல், இர்வின் யாலம் என்ற மனநல மருத்துவர்களும் அவர்களுடைய சகாக்களும் 86 பெண்களை ஆய்வில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் மார்பகப் புற்றுநோய். அது எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட நிலை. வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அவர்களில் 50 பேர் மட்டும் கூடுதலாக, வாரம் ஒருமுறை 90 நிமிடம், ஓராண்டுக்குச் சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசினார்கள். மீதி 36 பேர் அப்படிக் கூடவில்லை. இவர்கள் ஒப்பீட்டுக் குழு.

அந்தக் கூட்டங்களில் யாரும் யாரையும் தைரியமாக இருக்கச் சொல்லவில்லை. சாவைப் பற்றிப் பேசினார்கள். முகம் பார்த்துப் பேசாத கணவனைப் பற்றி, பத்து வயதுப் பிள்ளையிடம் எதை எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி, டாக்டரின் அறை வாசலில் மறந்துபோகும் கேள்விகளைப் பற்றி. குழுவில் ஒருவர் இறந்துவிட்டால் அடுத்த வாரம் மற்றவர்கள் அவரை நினைத்து அழுதார்கள். கூட்டத்தின் கடைசியில் வலியைச் சமாளிக்கத் தன்னைத்தானே தளர்த்திக்கொள்ளும் அறிதுயில் பயிற்சி ஒன்று இருந்தது. ஒரே நோயுள்ளவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து ஒருவர் சாவதை மற்றவர் பார்க்கும்படி செய்தால் எல்லோரும் இன்னும் நொடிந்துபோவார்கள் என்று அப்போது பலர் பயந்தார்கள். நடந்தது நேர்மாறு. ஓராண்டு முடிவில் பேசிய பெண்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது, சோர்வு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவைவிட வலியும் குறைவாக இருந்தது. 1981இலும் 1983இலும் இந்த முடிவுகள் வெளியாயின. ஆய்வின் நோக்கமும் அவ்வளவுதான். ஆயுளைப் பற்றிய பேச்சே இல்லை.

1980களில் அமெரிக்கக் கடைகளில் வேறொரு சரக்கு சூடாக விற்றது. வெள்ளை அணுக்கள் கட்டியைக் கடித்துத் தின்பதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்தால் நோய் கரையும், நோயை வரவழைத்துக்கொண்டதே உன் மனம்தான் என்ற ரகப் புத்தகங்கள். ஸ்பீகலுக்கு இதைப் பார்த்து எரிச்சல். தன்னுடைய பழைய நோயாளிகளின் இறப்புப் பதிவுகளைத் தேடி எடுத்தார். மனநிலை மேம்பட்டாலும் ஆயுள் மாறவில்லை என்று காட்டி, அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்க நினைத்தார். பத்தாண்டுகள் கழித்து 86 பேரில் 83 பேர் இறந்திருந்தார்கள். கணக்குப் போட்டபோது முதல் ஏமாற்றம். ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து ஒப்பீட்டுக் குழு வாழ்ந்தது சராசரியாக 18.9 மாதம். பேசிய குழு வாழ்ந்தது 36.6 மாதம்.

1989 அக்டோபரில் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. பேசினால் ஆயுள் இரட்டிப்பாகும் என்று செய்தி உலகெங்கும் போனது. அதுவரை எந்தப் புது மருந்தும் அந்த நிலை நோயாளிகளுக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

சந்தேகப்பட வேண்டிய இடமும் அதுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது சோற்றுக்கு ஏன் பொருந்துகிறது? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. எந்தப் பருக்கையை எடுத்தாலும் மற்றதைப் போலவே வெந்திருக்கும். பரவிய புற்றுநோயுள்ளவர்களை அப்படிப் பதம் பார்க்க முடியாது. ஒருவர் ஆறு மாதத்தில் போவார், அதே ரிப்போர்ட் உள்ள இன்னொருவர் பத்து வருஷம் இருப்பார். அப்படி நான்கைந்து பேர் ஒரு பக்கம் வந்து சேர்ந்தாலே அந்தப் பக்கத்தின் சராசரி உயர்ந்துவிடும். யாரை எந்தக் குழுவில் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் முடிவு செய்கிறார்கள்; தற்செயல் ஒதுக்கீடு என்று இதற்குப் பெயர். விருப்பமுள்ளவர்களும் தெம்புள்ளவர்களும் ஒரே குழுவில் குவிந்துவிடாமல் அது தடுக்கும். ஆனால் ஆட்கள் குறைவாக இருந்தால் சீட்டும் ஓரவஞ்சனை செய்யும். 36 பேர் மிகக் குறைவு.

பெர்னார்ட் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர் 1998இல் அந்த 36 பேரையே உற்றுப் பார்த்தார். அதே வட்டாரத்தில் அதே நோயோடு வாழ்ந்த மற்றப் பெண்களோடு அவர்களை ஒப்பிட்டால், அவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறந்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுக்குள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். பேசிய குழு அதிக நாள் வாழ்ந்ததா, அல்லது பேசாத குழு கெட்ட நேரத்தால் சீக்கிரம் போய், இந்தக் குழுவை நீண்ட நாள் வாழ்ந்ததாகக் காட்டியதா? ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு இதைப் பிரித்தறிய முடியாது. திரும்பச் செய்து பார்க்க வேண்டும், பெரிய அளவில்.

கனடாவில் செய்தார்கள். 235 பெண்கள், அதே மாதிரிக் கூட்டங்கள். 2001இல் முடிவு வந்தது. இந்த முறை இடைநிலை ஆயுளைப் பார்த்தார்கள். அதாவது சேர்ந்தவர்களில் சரிபாதிப் பேர் உயிரோடிருக்கும் காலம். பத்து வருஷம் வாழ்ந்த ஓரிருவர் சராசரியை இழுப்பதுபோல் இதை இழுக்க முடியாது. பேசியவர்களுக்கு 17.9 மாதம், பேசாதவர்களுக்கு 17.6. அரை மாத வித்தியாசம்கூட இல்லை. 2007இல் ஆஸ்திரேலியாவில் 227 பெண்களிடம் 24 மாதமும் 18.3 மாதமும் வந்தது; பார்க்கப் பெரிதாக இருந்தாலும், தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் என்று கணக்கு சொன்னது.

ஸ்பீகலும் சும்மா இருக்கவில்லை. 125 பெண்களைச் சேர்த்துத் தன் ஆய்வைத் தானே மறுபடி செய்தார். 2007இல் வெளியிட்டார். பேசியவர்களுக்கு 30.7 மாதம், பேசாதவர்களுக்கு 33.3. இது இரண்டாவது ஏமாற்றம். உலகப் புகழ் தந்த தன் முடிவைத் தன் ஆய்வே உறுதிசெய்யவில்லை என்று அவர் பெயரிலேயே எழுதினார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத வகைப் புற்றுநோயுள்ள 25 பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பேசியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தது தெரிந்தது. ஆனால் பானையின் ஒரு மூலையிலிருந்து எடுத்த கைப்பிடிதானே அது. அதை வைத்து நான் யாருக்கும் நம்பிக்கை சொல்ல மாட்டேன்.

அப்படியானால் தைரியமாக இருந்தவர்கள்தானே பிழைத்தார்கள் என்று நாம் கண்ணால் கண்டதெல்லாம் என்ன? பாதி, காரணமும் விளைவும் இடம் மாறிப்போன கதை. கட்டி வேகமாக வளரும்போது உடலின் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கூடுகின்றன. அவை மூளையைத் தொட்டுப் பசியைக் கெடுக்கும், சோர்வைத் தரும், மனத்தைச் சுருளவைக்கும். நோய் முற்றியவர் மனம் தளர்ந்து தெரிவதில் வியப்பில்லை. தளர்ந்ததால் முற்றியது என்று நாம் திருப்பிப் படிக்கிறோம். இதைச் சரிபார்க்க ஜேம்ஸ் காய்ன் குழு 2007இல் வேறொரு வழியைப் பிடித்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 1,093 பேரிடம் தொடக்கத்திலேயே மனநிலைக் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் செய்திருந்தார்கள். அவர்களில் 646 பேர் பின்னர் இறந்தார்கள். தொடக்கத்தில் மனம் நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை; கலங்கியிருந்தவர்கள் முந்திப் போகவுமில்லை.

எலிகளில் கதை கொஞ்சம் வேறு. டெக்சாஸில் அனில் சூட் குழு 2006இல், நகர முடியாமல் தினமும் அடைத்துவைத்த எலிகளில் கருப்பைப் பக்கத்துச் சூலகக் கட்டிகள் வேகமாக வளர்வதைக் கண்டது. அட்ரினலின் வகை வேதிப்பொருள்கள் கட்டியைத் தொடும் வழியை மருந்தால் அடைத்தபோது அந்த வேகம் நின்றது. ஆகவே மன அழுத்தத்துக்கும் கட்டிக்கும் இடையே உயிரியல் பாதையே இல்லை என்று சொல்ல முடியாது. குழாய்க்குள் அடைபட்ட எலியின் திகிலும், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் மனிதரின் கவலையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போர்வைக்குள் அழுதவருக்கு இதில் ஒரு விடுதலை இருக்கிறது. அழுகை கட்டியை வளர்க்காது. புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறையை, உளப் புற்றுநோயியலை, நியூயார்க்கில் 1970களில் கட்டியெழுப்பிய மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட், நோயாளிகள் மீது சுமத்தப்படும் இந்தக் கட்டாய உற்சாகத்தைக் கொடுங்கோன்மை என்றே எழுதினார். பயப்படக்கூட உரிமையில்லாமல் செய்வது சின்ன விஷயமா?

ஆயுள் கூடவில்லை என்பதால் அந்தக் கூட்டங்கள் வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கனடா ஆய்விலேயே, தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்த பெண்களுக்கு மனநிலை மேம்பட்டது. வலி அதிகமிருந்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோய் தணிந்தது. புதிதாக வருவதும் தடுக்கப்பட்டது. மூன்று நாடுகளிலும் திரும்பத் திரும்பக் கிடைத்த பலன் இது. இருக்கும் மாதங்களை வலியோடும் தனிமையோடும் கழிப்பதா, கொஞ்சம் இலகுவாகக் கழிப்பதா என்பது அற்பமான கேள்வி இல்லை. தலைவலி மாத்திரை ஆயுளைக் கூட்டியதா என்று நாம் கேட்பதில்லையே.

மனச்சோர்வு என்று சொன்னது வெறும் சோகத்தை அல்ல. இங்கே பலரும், வீட்டாரும் சில நேரம் மருத்துவரும், சறுக்குகிறார்கள். "கேன்சர்னு சொன்னா யாருக்குத்தான் மனசு கஷ்டமா இருக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். தூக்கமின்மை, பசியின்மை, எடை குறைவது எல்லாம் கீமோவாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். எனவே மருத்துவர்கள் உடல் அறிகுறிகளை மட்டும் நம்பாமல் வேறு சிலவற்றையும் கேட்கிறார்கள். பேரப்பிள்ளை வந்தால்கூட முகம் மலரவில்லையா, எல்லோருக்கும் பாரம் என்ற நினைப்பு விடாமல் அரிக்கிறதா, காலையில் கண் விழிக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா? இரண்டு வாரம் தாண்டியும் இது பெரும்பாலான நாள்களில் இருந்தால் அதற்கென்று சிகிச்சை உண்டு. ஸ்காட்லாந்தின் புற்றுநோய் மருத்துவமனைகளில் 21,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் எடுத்த கணக்கு 2014இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோயாளிகளில் 13 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்தது. எல்லா வகைப் புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்தால், மனச்சோர்வு இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அதற்கு எந்த உருப்படியான சிகிச்சையும் பெறவில்லை.

அந்தக் கணக்கை எடுத்த குழுவே தீர்வையும் சோதித்து, அதே ஆண்டு முடிவை வெளியிட்டது. மனச்சோர்வுள்ள 500 நோயாளிகளில் பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற செவிலியர் பத்து அமர்வுகள் வரை உதவினார். பெரிய பிரச்சினையைச் சின்னச் சின்னதாக உடைத்து ஒவ்வொன்றாகத் தீர்க்கச் சொல்லித்தந்தார், மனநல மருத்துவர் பின்னாலிருந்து மேற்பார்த்தார், தேவைப்பட்டால் மாத்திரை. 24 வாரத்தில் இவர்களில் 62 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 17 சதவீதம்தான். சில ஆண்டுகள் கழித்து அதே நோயாளிகளின் ஆயுளைக் கணக்கிட்டார்கள். வித்தியாசமில்லை. இதற்குப் பிறகும் இரண்டையும் முடிச்சுப்போட யாராவது ஆசைப்பட்டால் என்ன சொல்வது!

துணை ஆயுளைத் தொடவே தொடாதா என்றால், தொடும். ஆனால் வேறு வாசல் வழியாக. 2013இல் அமெரிக்காவில் 7,34,889 புற்றுநோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். நோய் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு, மணவாழ்வில் இருந்தவர்களிடம் சுமார் 17 சதவீதம் குறைவு. முழுமையான சிகிச்சை பெறும் வாய்ப்பு சுமார் 53 சதவீதம் அதிகம். இறப்பும் குறைவு. இதில் யாரும் யாரையும் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. வசதி, காப்பீடு போன்றவை கொஞ்சமாவது கலந்திருக்கும். என்றாலும் வழி புரிகிறது. "அந்தக் கட்டியைக் காட்டிட்டு வாங்க" என்று நச்சரிக்க ஒருவர். கீமோ நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, ராத்திரி காய்ச்சல் வந்தால் உடனே வண்டி பிடிக்க ஒருவர். மனச்சோர்வில் இருப்பவர் மாத்திரையை விடுவார், தேதியைத் தவறவிடுவார். அதைப் பிடித்து நிறுத்துவதும் துணைதான். அந்த ஆய்வில் திருமணத்தின் பலன் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் கிடைத்தது. வாசகிகள் இதைப் படித்து ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பாஸ்டனிலும் இதையொட்டி ஒன்று நடந்தது. பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரில் பாதிப் பேருக்கு, நோய் தெரிந்த உடனேயே வலிதணிப்புக் குழுவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அனுப்பும் அதே குழு. 2010இல் வந்த முடிவில் மனச்சோர்வு அறிகுறி 38 சதவீதத்துக்குப் பதில் 16 சதவீதம் பேரிடமே இருந்தது. ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் கூடவில்லை. வாழ்க்கைத் தரம் கூடுவது மட்டும் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

எல்லோருக்கும் ஒரே மாதிரித் துணை பொருந்துவதுமில்லை. அமெரிக்காவில் விக்கி ஹெல்ஜெசன் குழு, தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயுள்ள 312 பெண்களைச் சோதித்தது. சிலருக்கு நோயையும் சிகிச்சையையும் பற்றி விளக்கிச் சொல்லும் எட்டு வாரக் கூட்டம். சிலருக்கு ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசும் கூட்டம். தகவல் சொன்ன கூட்டமே பொதுவாக நன்றாக உதவியது. மனம்விட்டுப் பேசும் கூட்டம், வீட்டில் கணவனின் ஆதரவு கிடைக்காத பெண்களுக்கு நன்மை செய்தது; ஏற்கெனவே நல்ல ஆதரவு இருந்தவர்களுக்குக் கெடுதலே செய்தது. அக்கறையோடு "அந்தக் குரூப்ல சேருங்க" என்று எல்லோரையும் தள்ளிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நம் வீடுகளில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "டாக்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்று மகன் தனியே போய்க் கேட்டுக்கொள்வார். அம்மாவிடம் "சின்னக் கட்டி, கரண்ட் வெச்சா கரைஞ்சிடும்" என்று சொல்வார்கள். அம்மா தினமும் போய் உட்காரும் கட்டடத்தின் பலகையிலேயே புற்றுநோய் என்று எழுதியிருக்கும். பக்கத்தில் மொட்டைத் தலையோடு நான்கு பேர். அவருக்குத் தெரியும். பிள்ளைகள் தாங்க மாட்டார்களே என்று அவர் தெரியாததுபோல் இருப்பார். அன்பினால்தான் இரண்டு பக்கமும் இப்படி நடிக்கிறது, அதைப் பழிப்பதற்கில்லை. ஆனால் ஸ்டீஃபன் லெபோர், ஹெல்ஜெசனோடு சேர்ந்து 1998இல் புராஸ்டேட் புற்றுநோயுள்ள ஆண்களிடம் கண்டது இங்கே பொருந்தும். நோயைப் பற்றிய நினைப்பு அவர்களைத் திரும்பத் திரும்பத் துரத்தியது. மனைவியிடமும் நெருங்கியவர்களிடமும் பேச வழியில்லாதவர்களின் மனத்தை அந்த நினைப்பு அதிகம் கெடுத்தது. பேச வழியிருந்தவர்களை அவ்வளவாக அசைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. அம்மா ஒரு கேள்வி கேட்டால் பேச்சை மாற்றாமல், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம்.

யாருக்கு என்ன தேவை என்று மருத்துவமனை எப்படித் தெரிந்துகொள்வது? "மனநலம் எப்படி?" என்று கேட்டால், பைத்தியமா என்று கேட்டதாக நினைத்து "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். இதற்காக ஹாலண்டும் அவர் சகாக்களும் 1990களில் ஒரு காகிதத் தெர்மாமீட்டரை உருவாக்கினார்கள். 0 முதல் 10 வரை எண்கள். போன வாரம் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று ஒரு கோடு போட வேண்டும். 4 அல்லது மேல் என்றால் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். பக்கத்தில் ஒரு பட்டியல்: பயம், தூக்கம், வலி இருக்கிறதா என்று மட்டுமல்ல, போக்குவரத்து, பணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, வேலை என்றும் கேட்கும். ஐந்தாறு வாரம் தினசரி கதிர்வீச்சுக்காக வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர் போடும் கோட்டுக்குக் காரணம் மரண பயமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. லாட்ஜ் வாடகையாகவும் இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவரைவிடச் சமூகப் பணியாளர் நல்ல மருந்து.

சென்னையில் அடையாறு புற்றுநோய் மையத்தில் உளப் புற்றுநோயியலுக்கென்று தனித் துறையே இருக்கிறது. மற்ற இடங்களில், கீமோ வார்டின் செவிலியரையோ சமூகப் பணியாளரையோ கேட்டால் வழி சொல்வார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பை தூக்கிக்கொண்டு நிற்கும் மகளும் கூப்பிடலாம்.